இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் காரில் ஐந்து பெடல்கள். ஓட்டப் பழகுகிறவர் பக்கம் மூன்று. மாஸ்டர் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழே இரண்டு, ஒரு கிளட்ச், ஒரு பிரேக். மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்பேன்; அந்த இரண்டையும் பொருத்தியது அக்காவின் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இந்தப் பக்கம் பிரேக்கை அழுத்தினால் ஒரு கம்பி வழியாக அந்தப் பக்கத்துப் பிரேக்கும் இறங்கும். பழகுகிறவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி நின்றிருக்கும்.

நான் மாஸ்டர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். பகலில் பார்சல் கிடங்கில் வேலை, மாலையில் வகுப்பு. கீழே முன்னறைதான் ஓட்டுநர் பள்ளி. ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாலைக் குறியீடுகள் குத்திய பலகை. பின்னால் இரண்டு அறையும் சமையலறையும். அதில் மாஸ்டரும் அக்காவும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அக்கா லைசன்ஸ் பாரம் நிரப்புவார், தேதி குறிப்பார், பயந்து வருகிற பெண்களுக்கு டீ கொடுத்து உட்கார வைப்பார். மாஸ்டர் ஓட்டக் கற்றுத் தருவார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் யாரிடமும் கத்தியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். கத்த வேண்டிய இடத்தில் பிரேக்கை அழுத்திவிடுவார். அழுத்திவிட்டு, ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன மறந்தோம்னு யோசிங்க" என்பார். அவ்வளவுதான். இதற்காகவே தூரத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

சுவரில் மோதியது அந்த மாதத்தின் முதல் வாரம். செவ்வாய் என்று என் குறிப்பில் இருக்கிறது. அக்கா புதன் என்கிறார், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஓட்டியது பேக்கரி அம்மா. ஐம்பது வயது. இரண்டு முறை டெஸ்டில் தோற்றவர். கணவருக்கு முதுகு போய்விட்டதால் ரொட்டி போடும் வேனை இனி அவர்தான் ஓட்டியாக வேண்டும். மரக்கடைச் சந்தில் திரும்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். மிதிக்காதவர் யார்? அதற்காகத்தான் இரண்டாவது பிரேக். ஆனால் அன்று வண்டி நிற்கவில்லை. மரக்கடைச் சுவரில் போய் முட்டியது. ஒரு ஹெட்லைட் உடைந்தது, பானெட் ஒரு பக்கம் மடங்கியது. யாருக்கும் அடியில்லை.

"பிரேக் பிடிக்கல" என்றார் மாஸ்டர், எல்லாரிடமும், ஒரே மாதிரி.

அதைக் கேள்விப்பட்டு அக்காவின் தம்பி பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பேன்ட் முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டை. வந்தவர் யாரிடமும் பேசாமல் காரின் கதவைத் திறந்து, சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துவிட்டார். அரை மணி நேரம் அவருடைய இரண்டு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"டேய், டீ ஆறுது" என்றார் அக்கா.

"ஆறட்டும்."

"வந்து குடிச்சிட்டுப் பாரு."

"உன் வீட்டுக்காரர் என் கம்பி சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்றாரு. எனக்கு டீ ஒண்ணுதான் குறைச்சல்."

மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். "உன் கம்பின்னு நான் எங்கடா சொன்னேன்? பிடிக்கலன்னுதான் சொன்னேன்."

"பிடிக்கலன்னா யாரு செஞ்சது? பக்கத்து வீட்டுக்காரனா?" தம்பி வெளியே வந்து எழுந்தார். கையில் கிரீஸ். "மாமா, நீங்களே வந்து பாருங்க. அழுத்தினா இறங்குது, விட்டா ஏறுது. ஒரு நூல் தளர்ச்சி கிடையாது. பத்து வருஷமா எவனுக்காவது பிடிக்காமப் போயிருக்கா?"

"அன்னிக்கு பிடிக்கல மாப்ள. விடு."

"எப்படி விடுறது? நாளைக்கு இன்னொரு ஸ்கூல்காரன் எங்கிட்ட வேலை குடுப்பானா?"

மாஸ்டர் திரும்பினார். உள்ளே போனார். தம்பி ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் முழுக்க இப்போ வரும் அப்போ வரும் என்று மழை மூட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வரவில்லை. புழுக்கத்தில் முன்னறைப் பலகையின் காகிதங்கள் சுருண்டு, ஓரங்கள் கழன்று தொங்கின. மாஸ்டர் தோல் ஷூவை விட்டுவிட்டு மெல்லிய துணி ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, வெயிலுக்கு இதுதான் இதமாக இருக்கிறது என்றார். அவருக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். டீயில் சர்க்கரை போடமாட்டார்கள். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

புதிய கார் ஒன்றைப் பற்றிய செய்தி மாஸ்டரின் போனில் வந்தது. மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வகுப்புக்கு நேரம் இருக்கா? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

மின்சாரக் கார். விற்பனைக்கு வர எட்டு மாதம் ஆகும். இப்போதே பெயர் பதிந்து வைப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும். பதிவு சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிகிறது. முன்பணம் கொஞ்சம்தான், வேண்டாம் என்றால் திருப்பித் தருவார்கள். கிளட்ச் கிடையாது. கியர் கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். எதிரே ஆளோ சுவரோ வந்தால் வண்டி தானாக பிரேக் போட்டு நின்றுவிடும்.

"அந்தக் கடைசி வரி."

மறுபடி படித்தேன்.

"தானாவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு மாஸ்டர்."

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். வெள்ளை நிறத்தில் சக்கரமெல்லாம் மூடினது போல ஒரு வண்டி. விரலால் பெரிதாக்கி, ஓட்டுபவர் சீட்டைப் பார்க்காமல், பக்கத்து சீட்டின் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார். அங்கே நிழல்தான் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா என்னையும் கூப்பிட்டார். ரொட்டி, வெங்காயம் போட்டுப் பொரித்த முட்டை. தம்பியும் வந்திருந்தார். கோபம் தீர்ந்து வரவில்லை, அக்கா கூப்பிட்டதால் வந்திருந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியையே பிய்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி தானே நின்னுடுமாம்" என்றார் மாஸ்டர்.

"அப்ப உங்களுக்கு அங்க என்ன வேலை மாமா? பாட்டு போடுறதா?"

"பாட்டும் போடுவேன்."

"கிளட்ச் இல்லாத வண்டில கத்துக்கிட்டு, பேக்கரி அம்மா அந்த வேனை எப்படி ஓட்டும்? அது கியர் மாத்துறப்ப எருமை கத்துற மாதிரி கத்தும்."

"இன்னும் அஞ்சு வருஷத்துல வேனெல்லாம் இப்படித்தான் வரும். முதல்ல வாங்குற ஸ்கூலுக்குத்தான் கூட்டம் போகும். பெரிய ஸ்கூல்காரன் ஒன்பது வண்டி நிக்க வச்சிருக்கான், இது ஒண்ணுகூட அவன்கிட்ட இல்ல."

"அவன் ஒன்பதையும் இதா மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

அக்கா அதுவரை பேசவில்லை. தட்டில் முட்டையை வைத்துக்கொண்டே கேட்டார். "எட்டு மாசம் கழிச்சுத்தான வரும். அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இது ஓடும்."

"வண்டி ஓடும். நான் வண்டியைக் கேக்கல."

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். அக்கா என்ன கேட்டார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததாக என் குறிப்பில் எழுதியிருக்கிறேன், அது பின்னால் சேர்த்தது.

மறுநாள் மாஸ்டர் என்னை ஷோரூமுக்குப் போன் செய்யச் சொன்னார். எனக்கு எதையும் எழுதி வைத்துக்கொண்டு கேட்டால்தான் வரும். ஐந்து கேள்வி எழுதினேன். மூன்றாவதுதான் முக்கியம்: பக்கத்து சீட்டில் இரண்டாவது பிரேக் பொருத்தலாமா?

பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள். "சார், வண்டிக்கு அடியில முழுக்க பேட்டரி. தரையில ஒரு துளை போட்டாலும் வாரன்டி போயிடும். டிரைவிங் ஸ்கூலுக்கு இது இல்ல சார்."

"பின்னாடி ஏதாவது வருமா?"

"அதெல்லாம் இப்ப சொல்ல முடியாது சார்."

இரண்டாவது பிரேக் இல்லாத வண்டிக்குப் பள்ளி அனுமதி கிடைக்காது என்பது எனக்கே தெரியும். வண்டி தானே நின்றாலும் இன்ஸ்பெக்டருக்குப் பெடல் வேண்டும். ஆகவே பதில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இறங்கி வந்தபோது மாஸ்டர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்த்தார். "இப்போதைக்கு இல்லையாம் மாஸ்டர். பின்னாடி தெரியும்ங்கிறாங்க" என்றேன்.

"பின்னாடின்னா, அதான் எட்டு மாசம் இருக்கே" என்றார். என் தோளைத் தட்டினார்.

நான் செய்தது பொய்யா என்று அந்த வாரம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இல்லை என்று தோன்றும், மறுநாள் ஆமாம் என்று தோன்றும்.

வியாழக்கிழமை, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாஸ்டர் மாடிக்கு ஏறி வந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்து, மிதவையைச் சரி செய்து, என்னிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினார். அவர் ஒரு காலில்தான் செருப்புப் போட்டிருந்தார். இன்னொன்று நடுப்படியில் கிடந்தது. இறங்கும்போது அதைத் தாண்டினார், குனிந்து எடுக்கவில்லை. மறதி என்று நினைத்தேன். நானே போய் எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் முதலில் செருப்பைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார்.

செருப்பு கழன்றதை எதற்கு அக்காவிடம் சொல்லப் போகிறேன்? சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் பலகையில் கழன்ற காகிதங்களைத் திரும்பக் குத்தினார். பத்து மணிக்குப் புதியவர்களுக்கு வகுப்பு. பிறகு இரண்டு பேரை வண்டியில் கூட்டிப் போனார். நான்கு மணிக்கு நான் கிடங்கிலிருந்து வந்து, பதிவுப் பாரத்தை நிரப்ப முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பெயர், முகவரி, லைசன்ஸ் எண், வண்டியின் நிறம். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார்.

"என்ன நிறம் மாஸ்டர்?"

"வெள்ளை. எல் போர்டு எடுப்பாத் தெரியும்."

அக்கா வந்து, எப்போதும் செய்வது போல அவர் ஷூவைக் கழற்றினார். இடது ஷூ வரவில்லை. இழுத்தார். துணியும் காலும் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பித்தளை நிறத்தில் ஒரு போர்டு பின்னின் தலை, துணி ஷூவின் ரப்பரில் பதிந்து பளபளத்தது.

"இது எப்ப குத்துச்சு?"

"எது?"

அக்கா பின்னை நகத்தால் நெம்பி எடுத்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் குதிகாலில் கறுப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது. காலையில் பலகைக்கு அடியில் விழுந்ததாகத்தான் இருக்கும். அதை மிதித்தபடி அவர் வகுப்பு எடுத்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், இரண்டு பேரை ஊருக்குள் ஓட்ட வைத்திருக்கிறார்.

"ஒரு சின்ன பின்னுக்கு ஏன் இப்படிப் பாக்குற" என்றார் மாஸ்டர்.

அக்கா வெந்நீர் கொண்டு வந்து புண்ணைத் துடைத்துக் கட்டினார். பிறகு மேசையிலிருந்து வருகை குறிக்கிற பென்சிலை எடுத்தார்.

"கண்ணை மூடுங்க."

"காலையிலதான பாத்த? பத்துக்குப் பத்து."

"மூடுங்க."

டாக்டர் சொல்லி நாலு மாதமாகத் தினமும் காலையில் இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்கா பென்சில் முனையால் ஒவ்வொரு கால்விரலாகத் தொடுவார். கண்ணை மூடியிருக்கும் மாஸ்டர் எந்த விரல் என்று சொல்ல வேண்டும். ஒரு நாளும் தவறியதில்லை. அதை நம்பித்தான் அக்கா அவரை வண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். வலது கால் சுண்டுவிரலைத் தொட்டார்.

"சுண்டுவிரல்."

மறுபடி மூச்சு. அடுத்த விரல்.

"அதுக்குப் பக்கத்துது."

மறுபடி மூச்சை இழுத்தார். இந்தத் தடவை பென்சிலைக் கொண்டு போகவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நடுவிரல்" என்றார் மாஸ்டர்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அக்கா பென்சிலைத் தரையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். பிறகு வெறும் மூச்சை மட்டும் இழுத்தார்.

"பெருவிரலுக்குப் பக்கத்துது."

இன்னொரு மூச்சு.

"பெருவிரல். போதுமா?" மாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார். அக்காவின் வெறுங்கையைப் பார்த்தார். தரையில் கிடந்த பென்சிலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றார் அக்கா.

"வலது காலு இப்பதான். ஒரு மாசம் இருக்கும்."

"இடது?"

"அது முன்னாடியே."

"தினமும் சொன்னீங்களே. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்துன்னு."

"நீ சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு வரிசையா வருவ. மூச்சு இழுத்துட்டுத் தொடுவ." அவர் காலை நாற்காலியிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் வைத்தார். "சரியாச் சொன்னா நீ எழுந்து டீ போடப் போவ. முகத்துல ஒரு தெளிவு இருக்கும். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"அன்னிக்கு மரக்கடைச் சந்துல?"

"அழுத்தினதாத்தான் நினைச்சேன். மோதின பிறகு குனிஞ்சு பாத்தா காலு பெடலுக்குப் பக்கத்துல மேட் மேல இருக்கு. நல்லா அழுத்தமா இருக்கு."

அப்போதுதான் அக்காவின் தம்பி வந்தார். கோணியில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் வைத்திருந்தார். வாசலிலேயே பேச்சை ஆரம்பித்துவிட்டார். "மாமா, இனிமே குறை சொல்ல முடியாது. புதுக் கம்பி. மூணு நாள் உக்காந்து செஞ்சது. பழசைவிட ரெண்டு மடங்கு கனம். யானை மிதிச்சாலும் வளையாது." கோணியைப் பிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டுப் போட்ட காலையும் தரையில் உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்து நின்றார்.

"உன் கம்பில ஒண்ணும் இல்லடா" என்றார் அக்கா. "பழசே நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா எல்லாவற்றையும் நாலு வரியில் சொன்னார். தம்பி கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது, பிடித்து மறுபடி வைத்தார்.

"கையில பிடிக்கிற மாதிரி பிரேக் வச்சுத் தரேன் மாமா. ஒரு லீவர். ஒரு நாள் வேலை."

"இன்ஸ்பெக்டர் ஒத்துக்க மாட்டான். போன வருஷமே விசாரிச்சேன்."

"போன வருஷமா?" என்றார் அக்கா.

மாஸ்டர் குனிந்து காலில் இருந்த கட்டைச் சரி செய்தார்.

கம்ப்யூட்டர் திரையில், பதிவு முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. முப்பத்தெட்டு நிமிடம். அக்கா எழுந்து என் பின்னால் வந்து நின்றார். "தம்பி, மறைக்காம சொல்லு. அந்தக் கார்ல ரெண்டாவது பிரேக் வைக்கலாமா, கூடாதா?"

"கூடாதுக்கா. ஸ்கூலுக்கே குடுக்க மாட்டாங்களாம். நான்தான் மாஸ்டர்கிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நீ சொல்றதுக்கு முந்தின நாளே நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன் தம்பி. அந்தப் பொண்ணுதான் பேசுச்சு."

"தெரிஞ்சா எதுக்கு என்னைக் கேக்கச் சொன்னீங்க?"

"நீ கேட்டு வந்து சொன்னா இவ நம்புவா."

"எதை நம்பணும்?" என்றார் அக்கா. "வராத வண்டியை நம்பி நான் என்ன செய்யணும்?"

"எட்டு மாசம் கிடைக்கும்ல" என்றார் மாஸ்டர். "வண்டி வரப் போகுது, வந்தா சரியாயிடும்னு சொல்லிக்கிட்டு எட்டு மாசம் அந்த சீட்டுல உக்காரலாம். அதுக்குள்ள காலு திரும்புதோ என்னவோ."

"திரும்பாதுன்னு டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதான இருந்தேன்."

"ஆமா. இருந்த."

"யாராவது செத்திருந்தா?"

தம்பி சுவரோரம் நின்று, கையில் ஒட்டிய கிரீஸைக் கோணித் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார்.

அக்கா முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மாஸ்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "இங்க பாருங்க. உங்களுக்கு அந்த வண்டி மேல ஆசைன்னா மாடித் தம்பியை பட்டனை அழுத்தச் சொல்றேன். வரட்டும். நாம ரெண்டு பேரும் போய்ட்டு வர வச்சுக்கலாம், நான் ஓட்டக் கத்துக்கிறேன். ஆனா இன்னையிலிருந்து நீங்க அந்த சீட்டுல உக்காரக் கூடாது. ஒரு நாள்கூட."

மாஸ்டர் நெடுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் எனக்குப் பட்டது. திரையில் இருபது நிமிடம் என்றது. பத்தொன்பது என்றது.

"அங்க உக்காரலன்னா எனக்கு எதுக்கு அது?" என்றார். "வேண்டாம் தம்பி. மூடிடு."

நான் மூடவில்லை. யாராவது மனசு மாறலாம் என்று திறந்தே வைத்திருந்தேன். ஆறு மணிக்கு எண்கள் நின்றன. பாரம் மறைந்து, முன்பதிவு முடிந்தது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று வந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

ஆறரைக்குப் பேக்கரி அம்மா வந்தார். திங்கட்கிழமை அவருக்கு மூன்றாவது டெஸ்ட். உடைந்த பன்களைக் காகிதத்தில் சுற்றி, எப்போதும் போல அக்காவிடம் நீட்டினார். முன்கை முழுக்க மாவு. "சீக்கிரம் கிளம்பலாம் மாஸ்டர், இருட்டுறதுக்குள்ள அந்தச் சந்துல ஒரு தடவை திரும்பிப் பாக்கணும். ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சுவர்தான் வருது."

"இன்னிக்கு வகுப்பு இல்லம்மா" என்றார் அக்கா. "இனிமே இல்ல."

"ஏன்? நான் திங்கக்கிழமை என்ன பண்ணுவேன்?"

அக்கா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர்தான் சொன்னார். "எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லம்மா. அன்னிக்கு பிரேக்ல கால் வைக்கல நான். தப்பு உங்களுது இல்ல."

பேக்கரி அம்மா அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "ஆக்சிலேட்டரை மிதிச்சது நான்தானே?"

"எல்லாரும்தான் மிதிப்பாங்க. நிறுத்துறதுக்குத்தான் நான் உக்காந்திருந்தேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "மூணு வாரம் மாஸ்டர்" என்றார். "எங்க வீட்டுக்காரர் தினமும் சொல்றாரு. உனக்கு ஓட்ட வராது, சுவத்தைப் போய் இடிச்சவதானேன்னு. கடைக்கு வர்றவங்க முன்னாடி சொல்றாரு. நானும் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு நிக்கிறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்." அவர் அக்கா பக்கம் திரும்பினார். பெரிய ஸ்கூலில் திங்கட்கிழமைக்குள் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பேக்கரி அம்மா வாங்கிக்கொண்டு போனார். பன் பொட்டலம் மேசையிலேயே இருந்தது. காலைவரை யாரும் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஸ்பானர் பெட்டியோடு வந்தார். பள்ளி வண்டியாக அதை யாரும் வாங்க மாட்டார்கள், சாதாரண வண்டியாக்கினால்தான் போகும் என்று பேசி வைத்திருந்தார்கள். பழையபடி சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார். நான் டார்ச் பிடித்தேன். நான்கு போல்ட். மூன்று சுலபமாக வந்தன, நாலாவது துருப்பிடித்து இறுகியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். மாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைக் கவனித்துக்கொண்டிருந்தார், யாரோ அவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பொருளைப் போல.

"நல்லா இறுக்கியிருக்க மாப்ள" என்றார்.

"கழட்டணும்னு நினைச்சு இறுக்கல மாமா."

இரண்டு பெடலும் கம்பியும் வெளியே வந்தன. தரையில் நான்கு துளை. தம்பி அவற்றை ரப்பர் மூடிகளால் அடைத்து, மேலே மேட்டை விரித்தார். ஐந்து பெடல் இருந்த வண்டி என்று இனி யாரும் சொல்ல முடியாது. கூரை மேலிருந்த பெயர்ப் பலகையை அக்கா ஏற்கெனவே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

வண்டியைப் பார்க்க ஒருவர் சந்தைத் தெருவில் காத்திருந்தார். தம்பி ஓட்ட உட்கார்ந்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. வண்டி கிளம்பும்போது மாஸ்டர் எழுந்து வந்து, பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து ஏறினார். அக்கா வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை.

தெரு காலியாக இருந்தது. மூட்டம் இன்னும் கலையவில்லை. தம்பி மெதுவாக ஓட்டினார். மாஸ்டர் முன்னால் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "இடது பக்கம் கண்ணாடி… சரி… மூணாவது கியர்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தம்பியும் அவர் சொன்னபடியே செய்தார்.

சந்தைத் தெரு முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. தம்பி பிரேக் போட்டார். வண்டி இரண்டடி தள்ளி நின்றது. தள்ளுவண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார்.

மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. சீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

"மாப்ள" என்றார். "இப்ப என் காலு பிரேக் பக்கம் போச்சா?"

நான் பின்னாலிருந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி ஷூ வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தம்பியும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார்.

"போச்சு மாமா" என்றார். முதல் கியரைப் போட்டார்.